24 மேசை, 3,000 ரூபாய்: ரிசப்ஷனுக்கு நாமே செய்யும் மேசை அலங்காரம்

"மேசைக்கு 600 ரூபாய் ஆகும்" என்றார் அலங்காரக்காரர். மொத்தம் 24 வட்ட மேசை. பெருக்கினால் 14,400. சித்தி அவர் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பைக் தெருமுனையைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "ஏண்டி, பதினாலாயிரத்தக் குடுத்து ராத்திரி பத்து மணிக்கு வாடிப்போற பூவையா வாங்கணும்?" என்றார். தங்கச்சியின் ரிசப்ஷனுக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது. "விடுங்க சித்தி, நானே பண்ணித் தரேன்" என்று வாயைக் கொடுத்தவள் நான்தான்.

கடைசியில் ஆட்டோ வாடகை உட்பட 2,960 ரூபாயில் முடிந்தது. மேசைக்கு 123 ரூபாய். ஆனால் இந்தக் கட்டுரையில் நான் அதிகம் பேசப்போவது பணத்தைப் பற்றி இல்லை, நேரத்தைப் பற்றி. கைவேலை அலங்காரம் சொதப்பும் இடம் அதுதான். எங்களுக்கு மண்டபம் மாலை 3 மணிக்குக் கைக்கு வந்தது. 6:30க்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மூன்றரை மணி நேரத்துக்குப் பூவும் தண்ணீரும் மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு முன்பே முடிந்து பெட்டியில் ஏறியிருக்க வேண்டும். அதனால் எந்த வேலையை எத்தனை நாள் முன்பு செய்வது என்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் மண்டபத்தைப் போய்ப் பாருங்கள்

கையில் இஞ்ச் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். மேசையின் அளவு, மண்டபத்தார் தரும் விரிப்பின் நிறம், மின்விசிறி எந்தெந்த மேசைக்கு நேர் மேலே வருகிறது, தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு ஏற்றலாமா என்று மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள், ஏ.சி. ஹால்களில் பல இடங்களில் விட மாட்டார்கள். முக்கியமான கேள்வி: அன்று காலையில் வேறு விசேஷம் இருக்கிறதா? இருந்தால் அவர்கள் சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஹால் காலியாகும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

அப்புறம், எந்த மேசைக்கு அலங்காரம் வேண்டும் என்பதைத் தீர்மானியுங்கள். பந்தி மேசைக்கு வேண்டவே வேண்டாம். வாழை இலை விழுந்துவிட்டால் அந்தக் குறுகலான மேசையில் தண்ணீர் பாட்டிலுக்கே இடம் தேட வேண்டும். மேலேயிருந்து சாம்பார் வாளி வேறு வரும். அதில் பூச்சட்டி வைத்தால் பரிமாறுகிறவர் உங்களைத்தான் திட்டுவார். பச்சை இலையும் அதன் மேல் விழும் மஞ்சள் லட்டுமே போதுமான அலங்காரம்.

அலங்காரம் தேவைப்படுவது இரண்டு இடத்தில். பஃபே வைத்தால் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடும், கதை பேசும் வட்ட மேசைகள் ஒன்று. வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு வைக்கும் வரவேற்பு மேசை இன்னொன்று. வாசல் மேசையை வருகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். வட்ட மேசையை அதில் உட்காருகிறவர்கள் மட்டும்தான். அதனால் 24 மேசைக்கும் ஒரே எளிய அமைப்பு, வாசல் மேசைக்கு மட்டும் உங்கள் கைவண்ணம் எல்லாம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மேசைக்கு ஒரு டிசைன் என்று ஆசைப்பட்டால் எதுவும் முடியாது. ஒரே அமைப்பு 24 தடவை வரிசையாக வரும்போது ஹாலே திட்டமிட்டுச் செய்ததுபோல் தெரியும்.

மேசை எண் எழுதிய அட்டை, பெயர் அட்டை எல்லாம் செய்து காகிதத்தை வீணாக்காதீர்கள். நம் ஆட்கள் எந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. எங்கள் மண்டபத்தில் தேவைப்பட்ட ஒரே அட்டை, 'மொய் எழுதும் இடம்'.

ஒரு மேசையை வீட்டில் போட்டுப் பாருங்கள்

ஐந்தடி விட்டமுள்ள வட்ட மேசையைச் சுற்றி எட்டு முதல் பத்துப் பேர் உட்காருவார்கள். பத்து தட்டு, பத்து அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப், சிலருடைய கைப்பை, ஒரு குழந்தையின் பால் பாட்டில். இவ்வளவும் போக நடுவில் மிஞ்சுவது இரண்டடி வட்டம். அதற்குள்தான் உங்கள் வித்தை எல்லாம்.

உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்கக் கூடாது. மேசையிலிருந்து ஓரடிக்குக் கீழே முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் மெல்லிய தண்டின் மேல் இரண்டடிக்கு மேலே போக வேண்டும். நடுவாந்திரமான உயரம்தான் ஆபத்து: இரண்டு நிமிடத்தில் யாராவது ஒரு பெரியப்பா அதை எடுத்துத் தரையில் வைத்துவிடுவார். உயரமானது விலையும் அதிகம், கவிழவும் செய்யும். எனவே தாழ்வாகவே வையுங்கள்.

நான் முடிவு செய்த அமைப்பு இது. நடுவில் நீளமாக ஒரு சேலைத் துண்டு. அதன் மேல் வட்டமாக நறுக்கிய வாழை இலை. அதன் மேல் ஒரு மண் சட்டியில் மிதக்கும் பூவும் ஒரு மெழுகுவர்த்தியும். இரண்டு பக்கமும் சணல் சுற்றிய கண்ணாடி பாட்டில்கள், மொத்தம் மூன்று, அவற்றில் மரிக்கொழுந்தும் கோழிக்கொண்டையும். சட்டியின் காலடியில் மூன்று ஓலைப் பூ.

இதை ஒரு நாள் சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசையில் அப்படியே வைத்து, தட்டு, டம்ளர் எல்லாம் போட்டு, லைட்டையும் போட்டுப் பார்த்தேன். பகலில் பளிச்சென்று இருந்த வாடாமல்லியின் ஊதா நிறம், மஞ்சள் வெளிச்சத்தில் கறுப்பாக அடித்தது. அதைத் தூக்கிவிட்டேன். ஆரஞ்சு, வெள்ளை, பச்சை, கொஞ்சம் சிவப்பு. அதோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று தெரிந்தது. அதைச் சட்டி பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

நான்கு வாரம் முன்பு: பாட்டில்

ஜாம், தேன், சாஸ், ரோஸ்மில்க் எசன்ஸ், எந்தக் கண்ணாடி பாட்டிலும் சரி. உயரம் ஆறு, ஏழு அங்குலத்துக்குள் இருந்தால் போதும். சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். ஒரே வாரத்தில் 40 வந்தது. மீதி 40ஐப் பழைய பேப்பர் கடையில் ஒன்று மூன்று ரூபாய்க்கு வாங்கினேன். உடைவதற்கென்று எட்டு அதிகம்.

லேபிளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தால் பத்தாவது பாட்டிலில் வெறுத்துப்போகும். ஒரு அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு கை சமையல் சோடா, கொஞ்சம் துணி சோப்புத்தூள். பாட்டில்களை அதில் ராத்திரி முழுக்க அமுக்கி வைத்தால் காலையில் காகிதம் தானே உரிந்துவிடும். காகிதம் போனாலும் பசை பிசுபிசுப்பாக நிற்கும். அதன் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, பழைய துணியால் துடைத்துப் பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் கொஞ்சம் மிஞ்சினாலும் ஃபெவிகால் ஒட்டாது.

இனி சணல். கடையில் இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள பின்னாத சணல் கயிறு பந்தாகக் கிடைக்கும். பாட்டிலின் அடியிலிருந்து ஒரு விரற்கடை இடம் விட்டு ஆரம்பியுங்கள். இந்த இடைவெளி முக்கியம். ஈர மேசையில் வைக்கும்போது சணல் தண்ணீரை உறிஞ்சும். உள்ளே இருக்கும் ஃபெவிகால் வெளுத்து, இளகி, கயிறு சரிந்து இறங்கிவிடும். முதலில் செய்த ஆறு பாட்டிலில் எனக்கு இதுதான் நடந்தது.

இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் ஃபெவிகால் தடவுங்கள். கயிற்றின் நுனியை அழுத்தி, முதல் சுற்று அந்த நுனியின் மேலேயே ஏறும்படி சுற்றுங்கள்; நுனி மறைந்துவிடும். பாட்டிலை மடியில் சாய்த்து வைத்து, கயிற்றை அசைக்காமல் பாட்டிலை உருட்டினால் சுற்று நெருக்கமாக விழும். நான்கு சுற்றுக்கு ஒரு தடவை கட்டை விரலால் கீழ்ப்பக்கம் தள்ளுங்கள். பாட்டில் முழுக்கச் சுற்ற வேண்டாம். கீழ்ப் பாதி போதும். மேலே கண்ணாடி தெரிந்தால்தான் தண்ணீர் மட்டம் தெரியும், கயிறும் பாதிதான் செலவாகும். முடிக்கும் நுனியைக் கடைசிச் சுற்றுக்குள் ஊசியால் நுழைத்து இழுத்து வெட்டுங்கள். டி.வி. பார்த்துக்கொண்டே ஒரு ராத்திரிக்குப் பத்து பாட்டில் முடியும். எட்டு ராத்திரி.

மூன்று வாரம் முன்பு: சேலை

எங்கள் பக்கம் சின்னாளப்பட்டி. அதனால் சித்தி வீட்டுப் பீரோவில் பழைய சுங்குடிச் சேலைக்குப் பஞ்சமில்லை. புள்ளி புள்ளியாக இருக்கும் பருத்தித் துணி மேசையில் வழுக்காமல் படிந்து நிற்கும். நைலக்ஸ், ஷிஃபான் வேண்டாம். வழுக்கும், நெருப்புக்கும் ஆகாது. உங்கள் ஊரில் கிடைக்கும் எந்தப் பருத்திச் சேலையும் சரிதான். ஒரு எச்சரிக்கை: நிஜ ஜரிகைப் பட்டு எவ்வளவு கிழிந்திருந்தாலும் அதில் கத்திரியை வைக்காதீர்கள். பழைய பட்டுச்சேலை வாங்குகிறவர்கள் ஜரிகைக்கே விலை தருவார்கள். எந்தச் சேலையை வெட்டுவதற்கு முன்பும் அதன் சொந்தக்காரரிடம் கேட்டுவிடுங்கள். நான் கையில் எடுத்த ஒரு அரக்குச் சேலையைச் சித்தி பிடுங்கி வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை.

சேலை ஐந்தரை மீட்டர் நீளம். அதை மூன்றாகக் குறுக்கே வெட்டினால் ஒவ்வொன்றும் ஆறடி வரும். ஐந்தடி மேசைக்கு இரண்டு பக்கமும் அரையடி தொங்கும், அது அழகு. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மூன்றாகப் பிரித்தால் சுமார் 15 அங்குல அகலத்தில் ஒரு சேலைக்கு ஒன்பது துண்டு. 24 மேசைக்கு மூன்று சேலை. நடுத்துண்டுகளுக்கு பார்டர் இருக்காது. அவற்றைப் பின்வரிசை மேசைகளுக்கு ஒதுக்குங்கள். வெட்டிய ஓரத்தை மடித்து ஒரு தையல். தையல் மெஷின் இல்லையென்றால் ஓரத்தில் அரை அங்குலத்துக்கு நூலை உருவி விடுங்கள், குஞ்சம் மாதிரி நிற்கும். வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கும்.

கிரேப் பேப்பர் பூ, தெர்மோகோல் எழுத்து, மினுமினுப்புத் தூள் இவையெல்லாம் எனக்குப் பிடிக்காது. கிரேப் பேப்பரில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சாயம் விரிப்பில் இறங்கும். மினுமினுப்பு பாயசத்தில் போய் நிற்கும். அவ்வளவுதான் அதைப் பற்றி.

மண் சட்டி ஒழுகும்

ஒத்திகை மேசையில் ஒரு மணி நேரம் கழித்து நான் பார்த்தது இதைத்தான்: சட்டிக்கு அடியில் பூரி அளவுக்கு ஈர வட்டம். புதுச் சட்டி தண்ணீரைக் கசியவிடும்; பானையில் தண்ணீர் குளிர்வதே அப்படித்தானே. ஈரம் சுங்குடித் துண்டை நனைத்து, இருபது வருடம் துவைத்த அரக்குச் சாயம் கீழே இருந்த வெள்ளை விரிப்பில் இறங்கியிருந்தது. நல்லவேளை, வீட்டு விரிப்பு. மண்டபத்து விரிப்பில் இது நடந்திருந்தால் அலங்காரக்காரருக்குக் கொடுக்காத பணத்தை அங்கே அபராதமாகக் கொடுத்திருப்போம்.

குயவரிடம் பத்து அங்குல வாயுள்ள ஆழமில்லாத சட்டி கேளுங்கள். எனக்கு ஒன்று 25 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காய விடுங்கள். பூஜை அறையில் மிஞ்சிக் கிடக்கும் மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு பழைய டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்து உருக்குங்கள். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். வெயிலில் சூடேறிய சட்டிக்குள் இரண்டு கரண்டி ஊற்றி, சட்டியைச் சாய்த்துச் சாய்த்து உள்பக்கம் முழுக்க ஓட விடுங்கள், ஆப்பத்துக்கு மாவு சுற்றுவதுபோல. சட்டி ஆறியிருந்தால் மெழுகு செதிலாக உரியும். இப்படிச் செய்தபின் மூன்று மணி நேரத்துக்குச் சொட்டுக்கூட வெளியே வரவில்லை. ஆனாலும் நம்பிக்கையில்லாமல்தான் அடியில் வாழை இலை வட்டம் வைத்தேன். கடைசியில் அதுதான் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன சங்கதி.

இரண்டு நாள் முன்பு: ஓலைப் பூ

தென்னங்குருத்தோலையில் செய்யும் பூ இது. தோரணம் கட்டுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காய்க்கும் மரத்தில் குருத்தை வெட்டத் தோப்புக்காரர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள், கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது. முற்றிய பச்சை ஓலை ஆகாது. மடித்த இடத்தில் 'படக்'கென்று ஒடியும். இளமஞ்சளாக, தொட்டால் துணிபோல இருக்க வேண்டும்.

ஒரு கீற்றை எடுத்து நடு ஈர்க்கை உருவிவிடுங்கள். ஒரு விரல் அகலம், ஒன்றரை முழம் நீளத்தில் ஒரு பட்டை கிடைக்கும். இடது கையில் பிடித்து, நுனியிலிருந்து நான்கு விரல் தள்ளிச் செங்கோணமாகக் கீழே மடியுங்கள். தொங்கும் இந்தச் சின்ன வால்தான் காம்பு. மடிப்பிலிருந்து இரண்டு சுற்று இறுக்கமாகச் சுருட்டுங்கள். இது பூவின் நடு மொட்டு. இப்போது நீளமான பக்கத்தை உங்களுக்கு வெளிப்பக்கமாக, பின்னால் மடித்துவிடுங்கள். மடிப்பு சாய்வாக நிற்கும். அந்தச் சாய்வு தீர்ந்து பட்டை மறுபடி நேராகும் வரை மொட்டைச் சுற்றி உருட்டுங்கள். ஒரு இதழ் விரிந்திருக்கும். மறுபடி வெளியே மடிப்பு, மறுபடி உருட்டு. அடிப்பக்கத்தைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் விடாமல் கிள்ளிப் பிடித்திருக்க வேண்டும். மேல்பக்கம் தளர்வாக இருக்கலாம், இருந்தால்தான் ரோஜா மாதிரி மலரும். ஆறேழு மடிப்பில் பட்டை தீர்ந்துவிடும். மிச்சத்தைக் கீழே இறக்கிக் காம்போடு சேர்த்து நூலால் கட்டுங்கள்.

முதல் மூன்று பூ முட்டைக்கோஸ் மாதிரிதான் வரும். பத்தாவதிலிருந்து ஒரு பூவுக்கு மூன்று நிமிடம். 72 பூவையும் நானும் தங்கச்சியும் அத்தை மகள்கள் இரண்டு பேரும் ஒரே மத்தியானத்தில் முடித்தோம். கல்யாணப் பெண்ணை வேலை வாங்குகிறாயா என்று பாட்டி திட்டியது தனி.

செய்ததை அப்படியே விட்டால் மின்விசிறிக் காற்றில் ஒரே ராத்திரியில் ஓரம் பழுத்துச் சுருண்டுவிடும். ஈரத்துண்டில் சுற்றி, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும்.

பூ வாங்கும் கணக்கு

முகூர்த்த நாளில் மல்லிகையும் முல்லையும் விலை எகிறும், அவை தலைக்கு. மேசைக்குச் செண்டுமல்லி, சம்பங்கி, கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து போதும். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கோ நிலக்கோட்டைக்கோ விடியற்காலையில் போனால் நல்ல பூ கிடைக்கும். ரிசப்ஷன் அன்று காலையிலேயே வாங்குங்கள். முதல் நாள் வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது என்பதற்குக் குருட்டுக் கணக்கு போடாதீர்கள். ஒத்திகையில் ஒரு சட்டியை நிரப்பி, அந்தப் பூவைத் தராசில் வைத்தேன். 120 கிராம். 24 சட்டிக்கு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கழிவுக்கு அரைக் கிலோ. வாசல் உருளிக்கு ஒரு கிலோ. மொத்தம் நாலரைக் கிலோ செண்டுமல்லி.

வீட்டுக்கு வந்ததும் பாலித்தீன் பையிலிருந்து உடனே கொட்டிவிடுங்கள், பைக்குள் புழுங்கும். ஈரச் சாக்கின் மேல் பரப்பி நிழலில் வையுங்கள். செண்டுமல்லிக்கு மேல் தண்ணீர் தெளிக்கலாம். சம்பங்கிக்குத் தெளித்தால் இதழ் பழுப்பேறும். அதை ஈரத்துணியால் மூடினால் மட்டும் போதும். மரிக்கொழுந்தையும் கோழிக்கொண்டையையும் காம்பைச் சாய்வாக வெட்டி ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். பாட்டிலுக்குள் தண்ணீரில் மூழ்கும் இலைகளை இப்போதே கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரிக்குள் நாறும்.

செண்டுமல்லியின் காம்பை வெட்டும்போது அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணத்தை மட்டும் தொடாதீர்கள். இதழ் எல்லாம் அதற்குள்தான் நிற்கிறது. அதைச் சேர்த்து வெட்டினால் தண்ணீரில் போட்டதும் பூ உதிர்ந்து மிதக்கும்.

அரளி மலிவாகக் கிடைக்கும், நிறமும் நன்றாக இருக்கும், ஒரு கூறு வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். சாப்பிடும் மேசைக்கு அரளி கூடவே கூடாது. அது விஷம், குழந்தைகள் கை பூவிலும் போகும், தட்டிலும் போகும். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும் குண்டுமணிக்கும் இதே கதைதான்.

வாசல் மேசை

இதற்கு நான் ஒரு பெரிய வெண்கல உருளி, இரண்டு குத்துவிளக்கு, ஒரு பன்னீர்ச் செம்பு, நான்கு தாம்பாளம் சேர்த்தேன். ஒன்றுகூட வாங்கவில்லை, எல்லாம் இரவல். நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டி வைப்பது எதற்கு என்று ரிசப்ஷன் முடிந்த ராத்திரியில்தான் புரியும். பெயர் இல்லாத பாத்திரத்தின் அடியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி யார் வீட்டுடையது என்று எழுதுங்கள்.

உருளியில் முக்கால் பங்கு தண்ணீர். பூவை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி அடுக்க வேண்டும். நடுவிலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஓடிப்போகும். விளிம்பை ஒட்டிப் பெரிய ஆரஞ்சு செண்டுமல்லி ஒரு வட்டம், இடைவெளியே இல்லாமல். அது வேலி மாதிரி நிற்கும். அடுத்து மஞ்சள். அதற்குள் சம்பங்கி. நடுவில் தாமரை.

தாமரை மொட்டை அப்படியே வைக்காமல் இதழ் மடித்து வையுங்கள், ஒரு மொட்டு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். வெளியே இருக்கும் பச்சை இதழ்களை எடுத்துவிட்டு, முதல் இதழின் நுனியை உள்பக்கமாக மடித்து அதன் அடியில் செருகுங்கள். முக்கோணமாக நிற்கும். அடுத்தது அதற்குப் பக்கத்தில். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசையை இடைவெளிகளில் வரும்படி. நான்கு வரிசை மடித்தால் நடுவில் இருக்கும் மஞ்சள் பொகுட்டு வெளியே தெரியும். அழுத்தினால் இதழ் கன்றிவிடும், அப்பளம் எடுப்பதுபோல மென்மையாக.

கோழிக்கொண்டையை நிறுத்தி வைக்க வாழைமரத் துண்டு ஒன்று போதும். கடையில் விற்கும் பச்சை ஸ்பாஞ்சுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஓரடித் துண்டைப் படுக்க வைத்து, மேலே ஆணியால் துளை போட்டுக் காம்பைச் செருகினால் அந்த ஈரத்திலேயே ராத்திரி வரை நிற்கும். இந்த வேலையைப் பழைய நைட்டியோடு வீட்டில் செய்யுங்கள். வாழைக்கறை பட்ட துணி பட்டதுதான், எந்த சோப்புக்கும் போகாது. வெட்டிய முகத்தை இலையால் மூடிக் கட்டிவிட்டுத்தான் மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டுப்புடவையோடு வருகிற யாரும் அதில் உரசிவிடக் கூடாது.

அந்த மூன்றரை மணி நேரம்

பாட்டில்களைக் குளிர்பானக் கடையில் இரவல் வாங்கிய காலி கிரேட்டில் அடுக்கினோம். சட்டிகளுக்கு நடுவே சேலைத் துண்டுகள். ஒரு பையில் கத்திரி, சணல், செல்லோடேப், தீப்பெட்டி இரண்டு, பழைய துண்டு நான்கு, பிளாஸ்டிக் ஜக், குப்பைச் சாக்கு.

3 மணிக்குப் போனால், காலை விசேஷத்துக்காரர்களின் கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஹால் காலியாக 3:50 ஆனது. அப்படியும் 5:30க்கு முடித்துவிட்டோம். காரணம் ஒன்றுதான்: ஆளுக்கு ஆறு மேசை என்று பிரிக்கவில்லை, ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்தோம். முதல் ஆள் 24 மேசைக்கும் சேலைத் துண்டும் இலை வட்டமும். அவளுக்குப் பின்னால் இரண்டாவது ஆள் சட்டியும் பாட்டிலும் வைத்துக்கொண்டே போனாள். மூன்றாவது ஆள் ஜக்கில் தண்ணீர். நான்காவது ஆள் பூ. தண்ணீரை ஊற்றிவிட்டுச் சட்டியைத் தூக்கி நகர்த்தினால் பாதி உங்கள் மேல்தான்; எனவே வைத்த பிறகு ஊற்றுங்கள். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். நான் எல்லாம் முடிந்தபின் ஒரு சுற்று போய் ஓலைப் பூக்களை வைத்து, கோணல்களைச் சரி செய்தேன்.

மெழுகுவர்த்தியை 6:15க்கு ஏற்றினோம். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த ஐந்து மேசைகளில் அது நிற்கவே நிற்காது என்று தெரிந்திருந்ததால் அங்கே வெறும் பூ மட்டும், கூடுதலாக ஒரு கை. ஓலை காய்ந்தால் பற்றிக்கொள்ளும், அதனால் ஓலைப் பூ சட்டிக்கு வெளியே மட்டும்தான். விளக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். பெரிய பையன் ஒருவனை அதற்கென்றே நியமித்தோம். குழந்தைகள் கூட்டமாக மொய்த்த மேசையில் அவன் கேட்காமலே விளக்கை அணைத்துவிட்டான்.

எட்டு மணிக்கு ஓலைப் பூக்களில் பாதி காணாமல் போயிருந்தன. சின்னப் பெண்கள் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

கணக்கு: பாட்டில் 120, சணல் 160, ஃபெவிகால் 130, மண் சட்டி 600, பூ 1,050, மிதக்கும் மெழுகுவர்த்தி 30க்கு 300, குருத்தோலை 200, ஆட்டோ 400. பூ விலை ஊருக்கு ஊர், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மாறும். அதில் மட்டும் இரண்டு மடங்கு வரை தயாராக இருங்கள். எங்கள் நான்கு பேரின் கூலியை நான் சேர்க்கவில்லை. அந்த ராத்திரி சித்தி ஆளுக்கு ஒரு டம்ளர் சுக்கு காபி போட்டுக் கொடுத்தார்.

முடிந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் சட்டிகளைக் கவிழ்த்துப் பூவைச் சாக்கில் கட்டிவிடுங்கள். காலையில் முகூர்த்தம் இருந்தால் அந்த ஹாலில் யாராவது அதிகாலை நான்கு மணிக்கே நடமாடுவார்கள், தண்ணீர்ச் சட்டி காலில் இடறும். கிரேட்டையும் உருளியையும் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டோம். சேலைத் துண்டுகளைத் துவைத்து அடுத்து வரும் சீமந்தத்துக்கு வைத்திருக்கிறோம். சட்டிகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார் சித்தி. எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டு மொட்டை மாடியில் அந்தச் சட்டிகள் காக்காய்க்குத் தண்ணீர் வைக்க இருக்கின்றன; மெழுகு பூசியதால் இன்னும் ஒழுகவில்லை.